பெரிய எலும்புக்கு எட்டு மணி

அந்த ஆஸ்பத்திரியில் அறுவைப் பிரிவின் தலைவர் நாற்காலி காலியானபோது, அதில் உட்காரத் தகுந்த ஆள் தான் மட்டும்தான் என்று நான்கு சர்ஜன்களும் தனித்தனியாகப் போய் முதலாளியிடம் சொன்னார்கள். மற்ற மூவரும் ஏன் லாயக்கில்லை என்பதையும் விலாவாரியாக எடுத்துச் சொன்னார்கள். முதலாளி நால்வருக்கும் காபி கொடுத்தார். நால்வரிடமும், "உங்களை விட்டா யாரு இருக்கா டாக்டர்?" என்று கேட்டு அனுப்பினார். ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற மூவரும் கோபித்துக்கொண்டு எதிர்த்தெரு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள், போகும்போது நோயாளிகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நாற்காலியைக் கேட்காத ஆளாகத் தேடினார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா அகப்பட்டார்.

"சத்தமே இல்லாம எல்லாரையும் தூங்க வைக்கிறீங்க. எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்," என்றார் முதலாளி.

இது பாராட்டா இல்லையா என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் கதவில் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டார்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நாற்காலியைக் கேட்டுப் போன நால்வரில் மூத்தவர் டாக்டரம்மாவின் கணவர். அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர்கள் இரண்டு பேர். இளையவருக்கு நர்சுகள் வைத்திருந்த பெயர் 'சின்ன எலும்பு'. கணவர் 'பெரிய எலும்பு'. அவர் காதுபட யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"ஏதோ கூப்பிட்டு நாற்காலி குடுத்திருக்காங்க, உக்காந்துக்கோ," என்றார் பெரிய எலும்பு அன்று சாப்பாட்டு மேசையில். "கையெழுத்துப் போடற வேலைதானே. உனக்கு நல்லா வரும். ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரி விஷயத்தை வீட்டுக்குக் கொண்டு வராத."

"சரிங்க. வீட்டு விஷயத்தை ஆஸ்பத்திரில பேசலாமா?"

"அதெப்படி? அது அநாகரிகம்."

கல்லூரியில் படிக்கும் மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப எங்கதான் பேசுவீங்க? கார்லயா?"

காரிலும் வழியில்லை. டாக்டரம்மா காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுவார். பெரிய எலும்புக்கு அந்த நேரத்தில்தான் செய்தித்தாளின் இரண்டாம் பக்கம் தொடங்கும்.

அதுதான் அந்த ஆஸ்பத்திரியின் தீராத வியாதி. தியேட்டரில் முதல் ஆபரேஷன் எட்டு மணிக்கு என்று பலகையில் எழுதியிருக்கும். முதல் ஆபரேஷன் பெரும்பாலும் பெரிய எலும்பினுடையது. அவர் ஒன்பதரைக்கு வருவார். அவருக்குப் பின்னால் வரிசையில் இருக்கும் எல்லோரும் அவரோடு சேர்ந்து தள்ளிப்போவார்கள். கடைசியில் நிற்பவரின் ஆபரேஷன் மறுநாளுக்குப் போய்விடும். முந்தின நாள் ராத்திரியிலிருந்து வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்த நோயாளியை அப்படியே வார்டுக்குத் திருப்பித் தள்ளிக்கொண்டு போவார்கள். முன்பிருந்த தலைவர் இதைப் பற்றி வருஷா வருஷம் மிகவும் வருத்தப்பட்டு வந்தார். வருத்தப்பட்டபடியே ஓய்வும் பெற்றுவிட்டார்.

டாக்டரம்மாவுக்கு வருத்தப்பட்டுக்கொண்டே இருக்க விருப்பமில்லை. முதலாளியிடம் போய், என்ன செய்யலாம் என்று கேட்டார். முதலாளி அவரை 'மருத்துவர்களுக்கான தலைமைப் பண்பு' என்ற இரண்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் ஹோட்டல் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார்.

பயிற்சி கொடுத்தவர் முன்பு சோப்புக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். காதோரம் மைக் மாட்டியிருந்தார். உட்காரவே மாட்டேன் என்று யாருக்கோ சத்தியம் செய்து கொடுத்தவர்போல் மேடையில் இங்குமங்கும் நடந்துகொண்டே இருந்தார். "சோப்பா இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி, எல்லாம் மனுஷங்கதான்!" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு பழைய செய்தித்தாள்களைக் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொன்னார். இதய டாக்டருக்கும் சிறுநீரக டாக்டருக்கும் செலோடேப்பை யார் கையில் வைத்திருப்பது என்று சண்டை வந்து, கோபுரம் இடுப்பளவிலேயே நின்றுபோனது. "பாத்தீங்களா, இதுதான் பாடம்!" என்றார் பயிற்சியாளர். எது பாடம் என்று அவர் சொல்லவில்லை.

மாலையில் ஒரு கேள்வித்தாள். யார் யாருக்குள்ளே என்ன மிருகம் இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுமாம். டாக்டரம்மாவுக்கு முயல் வந்தது. பல் டாக்டர் ஒருவருக்குப் புலி வந்தது. அதன்பிறகு அவர் யாருக்கும் வழிவிட்டு நடக்கவில்லை.

இரண்டாம் நாள்தான் டாக்டரம்மாவுக்கு வேண்டியது கிடைத்தது. சொல்லச் சங்கடமான விஷயத்தைச் சொல்வது எப்படி? முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு. "கசப்பு மாத்திரைய ரெண்டு பக்கமும் சர்க்கரை தடவிக் குடுக்கறீங்க, அவ்வளவுதான்," என்றார் பயிற்சியாளர். ஒத்திகையும் நடந்தது. தாமதமாக வரும் சர்ஜனாகத் தோல் டாக்டர் ஒருவர் நடித்தார். டாக்டரம்மா குறையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்கலங்கி, "என் கண்ணைத் திறந்துட்டீங்க மேடம்," என்றார். அரங்கமே கைதட்டியது. உலகத்தில் எந்த சர்ஜனும் இப்படிப் பேசி டாக்டரம்மா கேட்டதில்லை. இருந்தாலும் நம்பிக்கையோடுதான் ஊர் திரும்பினார்.

மறுநாள் கணவரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"டாக்டர், இடுப்பு மூட்டு ஆபரேஷன்ல உங்களை மாதிரி கை யாருக்கும் கிடையாது."

பெரிய எலும்பு பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லு."

"காலைல நீங்க லேட்டா வர்றதால வரிசையே தள்ளிப்போகுது. நோயாளிங்க பட்டினி கிடக்கறாங்க. ஆனா நீங்க வந்துட்டா தியேட்டருக்கே ஒரு களை வந்துடுது."

பெரிய எலும்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீ இப்படி மனசு விட்டுப் பேசினதே இல்ல. ரொம்ப சந்தோஷம். இதையே நாளைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லேன்?"

சர்க்கரையை மட்டும் நக்கி எடுத்துக்கொண்டு மாத்திரையைத் துப்பிவிட்டார் என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்தது.

மறுநாள் கூட்டம். தாமதத்துக்குக் காரணம் என்ன என்று டாக்டரம்மா பொதுவாகக் கேட்டார். லிஃப்ட் மெதுவாக ஏறுகிறது என்றார் வயிற்று சர்ஜன். தரை துடைப்பவர்கள் ஈரம் காயவிடுவதில்லை என்றார் கண் டாக்டர். கடைசியாகப் பெரிய எலும்பு எழுந்தார். நேரம் தவறாமையைப் பற்றி அவர் பேசிய பேச்சில் தியேட்டர் சிஸ்டருக்குப் புல்லரித்துவிட்டது. "நேரம்ங்கறது நம்ம சொத்து இல்ல. நோயாளியோட சொத்து. அதைத் திருட நமக்கு என்ன உரிமை?" என்று அவர் மேசையைத் தட்டியபோது முதலாளியே எழுந்து நின்று கைதட்டினார். அந்த இடத்திலேயே 'நேரந்தவறாமைக் குழு' என்று ஒன்று அமைந்தது. பெரிய எலும்பு அதன் தலைவரானார். குழுவின் முதல் கூட்டம் இரண்டு தடவை தள்ளிப்போய், மூன்றாவது தடவை கைவிடப்பட்டது.

அந்த மாதக் கடைசியில்தான் விஷயம் முற்றியது. இடுப்பு முறிந்த ஒரு மூதாட்டியைத் தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மணி எட்டைத் தாண்டிவிட்டது. மூதாட்டிக்கு உதடு வறண்டு தோல் உரிந்திருந்தது. டாக்டரம்மா குனிந்து நாடி பார்த்தபோது மூதாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பெரிய டாக்டர் இன்னும் வரலியா?"

"வந்துடுவாரு பாட்டி."

"அவருக்குப் பொண்டாட்டி இருக்கால்ல? நேரத்துக்கு எழுப்பி அனுப்ப மாட்டாளா? என்ன பொம்பளை அவ!"

தியேட்டர் சிஸ்டர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடாமல்தான் இருந்தது, இருந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த நேரம் பார்த்து சிஸ்டரின் போன் அடித்தது. கையுறை போட்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். "நான் கேட்டுக்கு வந்துட்டேன் சிஸ்டர். மயக்கம் குடுக்கச் சொல்லுங்க," என்றது பெரிய எலும்பின் குரல். இது தினமும் நடப்பதுதான். ஆளைக் கண்ணால் பார்க்காமல் டாக்டரம்மா ஊசியைத் தொட்டதில்லை, அதுவும் தினமும் நடப்பதுதான். ஆனால் இன்று அந்தக் குரலுக்குப் பின்னால் 'டிங்... டாங்...' என்று ஓர் அழைப்புமணி கேட்டது. அதன் இரண்டாவது ஓசை கரகரக்கும். சரிசெய்யச் சொல்லி டாக்டரம்மா வீட்டில் பல மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்த மணி.

டாக்டரம்மா போனருகே குனிந்தார். "எந்த கேட்டுங்க? நம்ம வீட்டு கேட்டா?"

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

முயல், சர்க்கரை, கோபுரம் எதுவும் அப்போது டாக்டரம்மாவின் நினைவுக்கு வரவில்லை. சிஸ்டர் பக்கம் திரும்பினார். "சின்னவர் வந்துட்டாரா?" என்றார்.

"ஏழே முக்கால்லேர்ந்து டீ ரூம்ல இருக்காரு மேடம். மணிக்கட்டு முறிவு கேஸ். பேஷண்ட்டும் ரெடி."

"உள்ள கொண்டு வாங்க. பாட்டி அடுத்தது. அவங்களுக்கு இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால இப்ப ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. இனிமே பலகையில யார் பேரு இருக்குன்னு பாக்க வேண்டாம். எட்டு மணிக்கு எந்த சர்ஜன் கை கழுவிட்டு நிக்கறாரோ, அவருக்குத்தான் தியேட்டர்."

மூதாட்டி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். சின்ன எலும்பு, பரீட்சையில் தெரியாத கேள்விக்கு மதிப்பெண் கிடைத்த மாணவன்போல் முழித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

பெரிய எலும்பு வந்து சேர்ந்தபோது தியேட்டர் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"உள்ள யாரு?"

"சின்ன எலும்பு சார்," என்றார் சிஸ்டர் பதற்றத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப நான் யாரு?"

சிஸ்டர் மறுபடியும் மின்விசிறியைத் தேடினார்.

மூதாட்டியின் இடுப்பைச் சரிசெய்துவிட்டு, பச்சை உடுப்பைக்கூடக் கழற்றாமல் பெரிய எலும்பு முதலாளியின் அறைக்குப் பாய்ந்தார். பின்னாலேயே டாக்டரம்மாவும் போனார்.

"ஒண்ணு இவங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

முதலாளி இருவரையும் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வருமானம் தருவது எலும்பு. எலும்பைத் தொட வேண்டுமானால் மயக்கம் வேண்டும். "நீங்க வீட்லயே பேசித் தீத்துக்கலாமே?" என்றார் இளித்தபடி.

"வீட்ல நாங்க ஆஸ்பத்திரி விஷயம் பேசறதில்ல," என்றார் பெரிய எலும்பு விறைப்பாக.

"நாளைக்கும் இதேதான் சார்," என்றார் டாக்டரம்மா. "எட்டு மணிக்கு இவரு நின்னா, தியேட்டர் இவருக்கு. எனக்கு ஆட்சேபணையே இல்ல."

முதலாளி தனக்குத் தெரிந்த ஒரே தலைமைப் பண்பைக் காட்டினார். "ஒரு வாரம் பாப்போமே," என்றார்.

அந்த வாரம் வீட்டில் பெரிய எலும்பு மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட, "உங்கம்மாகிட்ட சொல்லு," என்று மகள் வழியாகத்தான் வந்தது. டாக்டரம்மாவுக்கு உள்ளூர வலித்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது. ஆனால் ஒரு நோயாளியையும் பட்டினியோடு வார்டுக்குத் திருப்பி அனுப்பாத வாரமாக அது இருந்தது. வரிசை சாயங்காலத்துக்குள் முடிந்தது. தரை துடைப்பவர்கள்கூட நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள்.

பெரிய எலும்பை மாற்றியது மனைவியும் அல்ல, மனசாட்சியும் அல்ல. வெளிநோயாளிகள் பிரிவில் ஒருவர் அவரிடமே வந்து, "எட்டு மணிக்கெல்லாம் ஆபரேஷன் பண்ற டாக்டர்னு ஒருத்தர் இருக்காராமே, அவரு எந்த ரூம்?" என்று கேட்டார். மறுநாள் காலை காவலாளி கேட்டைத் திறக்கும்போதே பெரிய எலும்பின் கார் வெளியே நின்றது. எட்டு ஐந்துக்கு வந்த கண் டாக்டரைப் பார்த்து, "பேஷண்ட்டுன்னா உங்களுக்கு இளக்காரமா போச்சா?" என்று அவர் கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டது.

முதலாளி பூரித்துப்போனார். இது பயிற்சியின் வெற்றி என்று சோப்புக்காரருக்குத் தகவல் போனது. சோப்புக்காரர் அடுத்த பயிற்சியில் பேச அழைத்தது பெரிய எலும்பை. தலைப்பு: 'நான் என்னை எப்படி மாற்றிக்கொண்டேன்'. ஒரு மணி நேரம் பேசினாராம். மனைவி என்ற சொல் ஒரே ஒரு தடவை வந்ததாம், அதுவும் தன் பொறுமையைப் பற்றிச் சொல்லும்போது.

அடுத்து வந்ததுதான் கூத்து. புதிய தலைவரைப் பற்றி சர்ஜன்களிடம் பெயர் போடாமல் கருத்துக் கேட்டார்கள். 'கனிவு போதாது' என்று நான்கு பேரும் எழுதியிருந்தார்கள். முதலாளி டாக்டரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"வேலையெல்லாம் பிரமாதம் டாக்டரம்மா. ஆனா கொஞ்சம் கறார். கனிவான தலைமைன்னு ஒரு வாரப் பயிற்சி இருக்கு. போயிட்டு வாங்க. உங்களுக்கு வழிகாட்டியா உங்க வீட்டுக்காரரையே போடலாம்னு ஒரு யோசனை."

தனக்குக் கோபம் வரும் என்று டாக்டரம்மா எதிர்பார்த்தார், சிரிப்புத்தான் வந்தது. "கண்டிப்பா போறேன் சார்," என்றார். "அந்த ஒரு வாரத்துக்கு மயக்கம் குடுக்க யாரைப் போடறீங்க?"

முதலாளி மேசை நாட்காட்டியைப் புரட்டினார். அந்த வாரம் தியேட்டர் நிரம்பி வழிந்தது. இன்னொரு மயக்க டாக்டர் பிரசவ விடுப்பில் இருந்தார்.

"மயக்கம் இல்லாம பண்ண முடியாதா? சின்னச் சின்ன கேஸ் எல்லாம்?"

"பண்ணலாம் சார். நாலு பேரு அமுக்கிப் பிடிச்சுக்கணும். முதல் ஆளா நீங்க வாங்க."

முதலாளி நாட்காட்டியை மூடினார். "பயிற்சி எங்க போகுது? மெதுவா பாத்துக்கலாம்," என்றார்.

அன்று மேசையில் பெரிய எலும்பு மனைவியின் தட்டுக்குப் பக்கத்தில் தானே தண்ணீர் எடுத்துவைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த ஒரு வாரப் பயிற்சி ரத்தாயிடுச்சு, தெரியுமா? நான்தான் முதலாளிகிட்ட போய் உனக்காகப் பேசினேன். அவளை விட்டுடுங்க, போகப் போகக் கத்துப்பான்னு சொன்னேன்."

"அப்படிங்களா?" என்றார் டாக்டரம்மா. "ரொம்ப நன்றிங்க."

மகள் வாயை அடக்கிக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.