பின் சீட்டுக்காக

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. பட்டறைத் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கியர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். யாராவது வண்டியை ஓட்ட, பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, கியர் பெட்டிக்குள் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவான். பிரித்துப் பார்த்தால் அதுதான் தேய்ந்திருக்கும். வினையே அங்கேதான். வருடக்கணக்கில் சரியாகவே சொல்லிக்கொண்டிருப்பவனுக்குத் தலைக்கனம் ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவன் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். அவளிடம் சின்னக் கார் ஒன்று இருந்தது. அதில்தான் வேலைக்குப் போவாள். போகிற வழியில் அப்பாவைக் கால் பயிற்சிக்கு இறக்கிவிட்டு, வருகிற வழியில் ஏற்றிக்கொண்டு வருவாள். முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு அவர் மகள் வீட்டோடு வந்துவிட்டார். அந்தக் கால் லேசில் மடங்காது. ஆகவே பின் சீட்டில் குறுக்காக உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்து, காலைச் சீட்டு நீளத்துக்கு நீட்டிக்கொள்வார். தலையணை ஒன்று எப்போதும் அங்கேயே கிடக்கும்.

கிளட்ச் மாற்றத்தான் அந்தக் கார் அவனுடைய பட்டறைக்கு வந்தது. மாற்றிக் கொடுத்திருந்தால் கதையே இல்லை. பக்கத்துக் கொட்டகைப் பெயிண்டர் டீயை உறிஞ்சிக்கொண்டே வாயைக் கிளறினார். இந்தச் சின்ன வண்டிகள் எல்லாம் முன் சக்கரத்தால் இழுத்துக்கொண்டு ஓடுகிறவை, பின் சக்கரம் தள்ளினால்தான் அது வண்டி என்றார். இதையே பின் சக்கரத்தில் ஓட வைத்துக் காட்டட்டுமா என்று கேட்டான் கியர். பெயிண்டர் பதில் சொல்லாமல் சிரித்தார். பதில் சொல்லியிருந்தாலாவது விட்டிருப்பான்.

மனைவியிடம் விஷயத்தைத் தேன் தடவிச் சொன்னான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முன்னாலிருந்து கழற்றிப் பின்னால் வைத்துவிட்டால் மேட்டில் வண்டி சும்மா பறக்கும், ரோட்டை விட்டு நகராது என்றான். இப்போது மட்டும் என்ன நகர்கிறதாம் என்றாள் அவள். ஆனால் தடுக்கவில்லை. கணவனின் கையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. சீக்கிரம் முடித்துக் கொடுங்கள், பஸ்ஸில் அப்பாவை ஏற்றி இறக்க முடியவில்லை என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

முதலில் போட்ட திட்டம் சரியான திட்டம். இன்ஜின் முன்னால் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, அதே பக்கம் பார்த்து அப்படியே பின்னுக்கு நகர வேண்டும். அப்படி வைத்தால் அது பின் சீட்டு இருக்கும் இடத்தில் வந்து உட்காரும். சீட்டு போய்விடும். போகட்டும் என்று கியர் நினைத்தான். ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, இனிமேல் நீங்கள் முன் சீட்டில்தான் உட்கார வேண்டியிருக்கும், பின் சீட்டு இருக்காது என்று மாமனாரிடம் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். அவள் அப்போது வேலையில் இருந்தாள். பெரியவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கிப் பழகினார். ஒரு நாள் டூல்ஸ் எடுக்க வந்த கியர் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு டூல்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திட்டத்தைக் கெடுத்ததும் பெயிண்டர்தான். சீட்டுக்கு அடியில் இன்ஜினை ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும், டிக்கியைத் திறந்தால் உள்ளே இன்ஜின் பளபளவென்று உட்கார்ந்திருக்க வேண்டும், பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும் என்றார். கியருக்கு அது பிடித்துப்போயிற்று. இன்ஜினை அப்படியே முன்பின்னாகத் திருப்பினால் பின் அச்சுக்கும் பின்னால் டிக்கிக்குள் கச்சிதமாக அடங்கியது. டிக்கியின் தரையை அறுத்து, தாங்கிகளை வெல்டு வைத்து, கியர் கேபிளை நீட்டி, ரேடியேட்டரை முன்னாலேயே விட்டுக் குழாய்களை அடியில் ஓட்டினான். வேலை சுத்தமாக இருந்தது. பின் சீட்டு தப்பியது தற்செயல். அதைப் பற்றி அவன் நினைக்கக்கூட இல்லை.

இன்னொன்றையும் அவன் நினைக்கவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டு, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கீழே இறக்குவான். கியருக்கு அதெல்லாம் மற்றவர்களுக்கான வேலை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டறை வாசலில் கூட்டம். பெயிண்டர், எலக்ட்ரீஷியன், லேத் கடைக்காரர், டீக்கடைக்காரர். மனைவியையும் மாமனாரையும் அவனே வரச் சொல்லியிருந்தான். பெரியவரைக் கைத்தாங்கலாகப் பின் சீட்டில் உட்காரவைத்து, டிக்கியைத் திறந்து காட்டினான். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அந்த ஒரு நிமிடம் அவன் ஆசைப்பட்டபடியே நடந்தது.

ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்து ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளட்சை விட்டான். டிக்கியைச் சுற்றி நின்றவர்கள் அலறிக்கொண்டு நாலு பக்கமும் சிதறினார்கள். வண்டி பின்னால் போய், பெயிண்டர் காயப் போட்டிருந்த கதவைச் சாய்த்துவிட்டு நின்றது. கை தவறி ரிவர்ஸில் விழுந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஃபர்ஸ்ட் போட்டான். மறுபடி பின்னால். செகண்ட் போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால். கடைசியில் ரிவர்ஸ் போட்டான். வண்டி முனகிக்கொண்டே சாதுவாக முன்னால் நகர்ந்தது.

இன்ஜினைத் திருப்பினால் அது சக்கரத்தையும் திருப்பித்தான் சுற்றும். அவனுக்கு அது புரிந்த அதே நொடியில் தெருவுக்கும் புரிந்தது.

"அஞ்சு ரிவர்ஸ், ஒரே ஒரு ஃபார்வர்டு," என்றார் பெயிண்டர். "உலகத்துல வேற எவன்கிட்டயும் இல்லப்பா இந்த வண்டி."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. லேத் கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கியரின் முகத்தில் ஈ ஆடவில்லை. காது இரண்டும் கொதித்தன. மனைவி சிரிக்கவில்லை. இனி எத்தனை நாள் பஸ் என்று கணக்குப் போடுகிற முகத்தோடு நின்றாள். அவளைப் பார்க்க முடியாமல்தான் அவன் வாயைத் திறந்தான்.

"எனக்குத் தெரியாதா என்ன? மாமாதான் பின் சீட்டு இருந்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அவருக்காகத்தான் திருப்ப வேண்டியதாப் போச்சு."

யோசித்தால் அந்தச் சாக்கில் உப்புச்சப்பே இல்லை. யார் எந்தக் காலில் நின்றாலும் சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டியவன் அவன்தான். ஆனால் சிரிக்கிறவர்கள் யோசிப்பதில்லை, அவர்களுக்கு ஆள் மாறினால் போதும். எல்லோரும் பின் சீட்டைப் பார்த்தார்கள். பெரியவர் காலை நீட்டி, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காருக்குள் இருந்த கண்ணாடியில் கியரின் கண்ணை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா, நான்தான் கேட்டேன்," என்றார். "கால் மடங்க மாட்டேங்குது பாருங்க. மாப்பிள்ளை வேலை என்னால கெட்டுப்போச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது கியருக்கு. ஆனாலும், இதைச் சொல்லியே ஆக வேண்டும், கூடவே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவனைக் கூனிக் குறுகவைத்தது அந்த நிம்மதிதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். காலையில் பஸ், ராத்திரி சமையல், நடுவில் நாள் முழுக்க ஊசியும் குழாயும். அத்தனை அலுப்பையும் அவர் மேல் கொட்டினாள். ஒரு சீட்டுக்காக ஒரு காரையே பாழாக்கிவிட்டீர்களே, முன்னால் உட்கார்ந்தால் குறைந்தா போய்விடும் என்று கேட்டாள். அவர் காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கியர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான்.

காரைப் பழையபடி ஆக்குவது சுலபமாக இல்லை. அறுத்த தகட்டை ஒட்ட வேண்டும், எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முன்னால் கொண்டுபோக வேண்டும். தெருவில் போகிறவர்கள் பின்பக்கமாக நடந்து காட்டிவிட்டுப் போனார்கள். அதை அவனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. வீட்டுக்குள் நடந்ததைத்தான் முடியவில்லை. மகள் அப்பாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். அவர் கால் பயிற்சிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். இப்போது கால் தேவலை, பஸ்ஸில் அலைய வேண்டாம் என்றார். சாப்பிடக் கூப்பிட்டால் பாதியில் எழுந்துகொண்டார். கியர் ஹாலுக்குள் வந்தால் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

பிறகு ஒரு நாள் அவள் தன் அண்ணனிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. கொஞ்ச நாளைக்கு அப்பா உன்னிடம் இருக்கட்டும், கார் இல்லாமல் என்னால் சமாளிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் குடியிருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அந்தக் காலோடு அங்கே ஏறினால் மனிதர் மறுபடி தெருவைப் பார்ப்பது எப்போதோ. மச்சான் மறுநாளே வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டான்.

அன்றைக்குக் கியருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது என்று பயந்தான். சொல்லாவிட்டால் அந்த மனிதர் தன் துணிப்பையோடு மாடிப்படி ஏறுவதைப் பார்க்க வேண்டும். பெரியவர் அதற்குள் பையை எடுத்து வைத்துக்கொண்டு, சட்டைகளை மடிக்கத் தொடங்கியிருந்தார். கியர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். சமையலறை வாசலில் போய் நின்றான்.

"நான் சொன்னது பொய்," என்றான். "மாமா சீட்டு எதுவும் கேக்கல. அவரை முன்னாடி உக்காரச் சொன்னதே நான்தான். டிக்கியைத் திறந்தா இன்ஜின் தெரியணும்னு நான்தான் திருப்பினேன். எல்லாரும் சிரிச்சாங்க, தாங்க முடியல. பழியை அவர் மேல போட்டுட்டேன்."

அவள் ஈரக் கையோடு திரும்பினாள். அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் ஹாலைப் பார்த்து, இவர் சொல்வது உண்மையா அப்பா என்று கேட்டாள்.

"சும்மா சொல்றாரும்மா," என்றார் பெரியவர், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் போறது அவருக்கு மனசு கேக்கல. அதான் தன் தலைல போட்டுக்கிறாரு. நான்தான் கேட்டேன்."

இல்லை, இல்லை என்றான் கியர். திரும்பவும் முதலிலிருந்து சொன்னான். சொல்லச் சொல்ல அது இன்னும் பொய்யாகக் கேட்டது. மனைவியின் முகம் இளகிக்கொண்டே வந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"நீங்களே என் அப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறீங்க," என்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "பெத்த மக நான் போய் அனுப்பப் பாத்தேனே."

அண்ணனுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்ல உள்ளே போனாள். பெரியவர் மடித்த சட்டைகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் மேல் அடுக்கினார். கியர் ஆசைப்பட்டபடியே அவர் போவது நின்றுவிட்டது. அது கியருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் மாமா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டான்.

அவர் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"உண்மை தெரிஞ்சா அவ உங்களோட சண்டை போடுவா. என்னை வெச்சு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா, அப்புறம் இந்த வீட்டுல நான் எப்படி இருக்கிறது? நீங்க முகம் கோணாம இருந்தாத்தான் மாப்பிள்ளை எனக்கு இங்க இடம்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. கியர்பாக்ஸில் எண்ணெய் இருந்தால்தான் ஓடும் என்று அவன் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்வதைப் போல, உள்ளதைச் சொன்னார். இந்த மனிதர் தன்னிடம் பயந்துகொண்டு இருக்கிறார் என்பது கியருக்கு அப்போதுதான் தெரிந்தது. டிவி சத்தத்தைக் குறைத்தது, நாற்காலியில் காலை மடக்கியது, காருக்குள் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆமாம் என்றது, எல்லாம் அந்தப் பயம்தான். தெருவே கூடிச் சிரித்தபோதுகூட அவனுக்கு இவ்வளவு கேவலமாக இருக்கவில்லை.

"இது உங்க வீடு மாமா," என்றான். "நான் கோவப்பட்டாலும் உங்க வீடுதான். நீங்க எனக்கு பயப்படக் கூடாது."

"சரி மாப்பிள்ளை," என்றார் அவர் உடனே.

அவன் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.