ஒன்றை அழுத்தவும்

பக்கத்து வீட்டுத் தையல் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. குறைதீர் மையத்துக்கு அவள் பேசிய இரண்டு முறையும், எடுத்த பெண்கள் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். அதனால் கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"நீதான் பூனை மாதிரி பேசுவியே. உன்னைய யாரு கட் பண்ணப் போறா? பேசுடி."

அவளுடைய வலது கால் மாவுக்கட்டோடு முக்காலியின் மேல் கிடந்தது. தெருமுனைச் சாக்கடைக்கு மூடி கிடையாது. மழைத் தண்ணீர் தேங்கி நின்ற அன்று குழி தெரியாமல் காலை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். அடுத்து எந்தப் பிள்ளை விழப்போகிறதோ என்று அவளுக்கு ஒரே பயம்.

இந்த மையம் தேர்தலில் கொடுத்த வாக்குறுதி. இனி அதிகாரிகள் மக்களுக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். பேசி முடித்ததும் திருப்தி என்றால் ஒன்றை அழுத்த வேண்டும், இல்லையென்றால் இரண்டை. மதிப்பெண் போடுவது நாம். எங்கள் தெரு முழுவதும் அதை நம்பித்தான் ஓட்டுப் போட்டது.

எண்ணைப் போட்டேன். மணி அடித்தது.

"வணக்கம், மக்கள் குறைதீர் மையம். சொல்லுங்கம்மா, என்ன குறை?"

என் அப்பா.

நகராட்சியில் கோப்பு பார்ப்பதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார். வீட்டில் அவர் இவ்வளவு இனிமையாகப் பேசி நான் கேட்டதில்லை. 'ம்' என்பார், மிஞ்சினால் 'சரி' என்பார். கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். கையால் வாயைப் பாதி பொத்திக்கொண்டு தெருப் பெயரையும் குழியையும் சொன்னேன்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அந்தக் குழியைத் தாண்டித்தான் அவர் தினமும் வேலைக்குப் போகிறார்.

"அது... மூடி போட்டாச்சுன்னு பதிவாயிருக்கும்மா."

"இல்லீங்க. திறந்துதான் கிடக்கு."

"எனக்கும் தெ..." என்று தொடங்கி விழுங்கினார். குரல் தணிந்தது. "அம்மா, இஞ்சினியர் எழுதுறதத்தான் நான் படிக்கிறேன். நீங்க ரெண்டு அழுத்தினா அவருக்கு ஒண்ணும் ஆகாது, எனக்குத்தான் புள்ளி குறையும். ஏற்கெனவே நிறைய குறைஞ்சிருச்சு. இனி குறைஞ்சா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்காம்மா. வாயில்லாப் பூச்சி. படிப்பையும் பாதியில விட்டுட்டா. அவள நினைச்சாவது ஒண்ணு அழுத்துங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

முகம் தெரியாத ஒருத்தியிடம் என்னைக் காட்டி அவர் கையேந்துகிறார். அந்த ஒருத்தியும் நான்தான். 

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"பாக்குறேங்குறாங்க" என்று சொல்லிவிட்டு ஒன்றை அழுத்தினேன்.

சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது, அக்கா கைபேசிக்கு வந்திருந்த குறுஞ்செய்தியைக் காட்டுவதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தாள்.

"அண்ணே, உங்க நகராட்சி கூத்தப் பாருங்க! மூடி போட்டாச்சாம். புகார் குடுத்தவருக்குப் பரம திருப்தியாம். கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்குத் திருப்தியாம்!"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா கைபேசியை வாங்கிப் படித்தார்.

"யாரு பேசினது?"

"உங்க பொண்ணுதான். நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள வேர்த்து ஊத்திருச்சு அவளுக்கு."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டே வந்தார். என் கண் தரையைவிட்டு எழவில்லை.

"திரும்பக் கூப்பிடுங்க" என்றார் கடைசியில், அந்தச் சட்டையிடம் சொல்வதுபோல. "இந்தத் தடவை ரெண்டு அழுத்துங்க."

"அழுத்தினா மூடி வந்துருமாண்ணே?"

அவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இருட்டத் தொடங்கியும் வரவில்லை. போய்க் கூட்டிவா என்று அம்மா அனுப்பினாள். தெருமுனையில் குழியோரமாக நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி, "இந்தப் பக்கம் வாங்கம்மா, பாத்து வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் போனில் கேட்ட அதே குரல்.

கூப்பிட வாய் வரவில்லை. அவர் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று பின்னால் விளக்குக் கம்பத்தோடு ஒட்டி நின்றேன்.