டாப்பெட் சத்தம்

...இல்லை, இது இஞ்சினுக்குள் டாப்பெட் அடிக்கும் சத்தமேதான், டக் டக்கென்று, காரைக்குடி தாண்டியதிலிருந்து கேட்கிறது, தண்டாயுதபாணி ஆக்சிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தான், சத்தமும் மெலிந்தது, நினைத்தது சரிதான்... பின்சீட்டில் அண்ணன் லட்சுமணன் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறான், குன்றக்குடியில் சாமி கும்பிட்டுவிட்டுச் சாயங்காலமே பெங்களூருக்குக் கிளம்பிவிடுவான், இஞ்சின் இங்கே கிடந்து தேயும். பள்ளத்தூர் வீடு போலவே இந்த அம்பாசிடரும் இருவருக்கும் பொது, வருஷம் முழுக்கத் துடைத்து ஓட்டுவது இவன், ஊருக்கு வரும்போதெல்லாம் தன் பங்குக்கு ஏதாவது செய்தே தீருவது அவன், போன தடவை சீட் உறை, இந்தத் தடவை எண்ணெய். இருப்பதிலேயே விலை கூடியதாக வாங்கிவந்து, நேற்று இவன் கண் முன்னாலேயே பழையதை வடித்துவிட்டு ஊற்றினான். புது வண்டிகளுக்கான எண்ணெய். அதில் துத்தநாகம் குறைவு, புதுக் கார்களின் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டிக்கு ஆகாதென்று குறைத்துவிட்டார்கள், ஆனால் இந்தப் பழைய இஞ்சினில் கேம் சாஃப்டும் டாப்பெட்டும் நேருக்கு நேர் உரசுகின்றன, நடுவில் துத்தநாகம் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்புக்குப் பதில் தான் தேய்ந்துகொடுக்க வேண்டும்... இதெல்லாம் தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவன் கேட்கவில்லை, அதனால். இது சரியா இருக்குமா தம்பி என்று ஒரு வார்த்தை... எண்ணெயில் கலக்கிற துத்தநாக மருந்தை இவன் டின்னாக வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கிறான், ஓரமாக நிறுத்தி ஊற்றினால் முடிந்தது வேலை. கேட்கட்டும், கேட்டால் ஊற்றலாம்.

“என்னடா அது சத்தம்?” அண்ணன் கண்ணைத் திறந்தான்.

“நீங்க ஊத்துன எண்ணெய்தாண்ணே, வேலையைக் காட்டுது.”

“ஏன்டா, அம்புட்டு விலை குடுத்து வாங்கியாந்தேனேடா!”

கண்ணாடியில் அண்ணனின் முகம் சுருங்கியது, இவனுக்கு அது வேண்டியிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால் தேவலை... பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சாலா குனிந்து இவன் சீட்டுக்கடியில் கையை விட்டு ஒரு டின்னை வெளியே எடுத்தாள்.

“எண்ணெயாவது ஒண்ணாவது. இதுல்ல உருண்டு உருண்டு இடிக்குது! என்ன டின்னுங்க இது, மூடியைக்கூடத் திறக்காம ஒளிச்சு வச்சிருக்கீக?”

சத்தம் நின்றுவிட்டது. இஞ்சின் சீராக ஓடியது, நேற்றுவரை ஓடியதைப் போலவே, தண்டாயுதபாணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான், ஒன்றுமில்லை, நல்லதுதானே, நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும், பிறகு ஏன்... குன்றக்குடி மலை தெரிந்தது, டின்னில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்க அண்ணன் பின்னாலிருந்து கையை நீட்டினான், இவன் காது இன்னும் அந்தச் சத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தது.