குடை பிடித்த புழுவும் மங்கம்மாவின் மகாலட்சுமியும்

தக்காளி இரண்டு முறை கைவிரித்த அரை ஏக்கரில், பேரிகை கிராமத்து நாராயணப்பன் சர்க்கரைவள்ளி நட்டிருந்தார். ஐம்பதாம் நாள் இலைகளெல்லாம் சல்லடையாயின. இலை போனால் கிழங்கு பருக்காது. ஓசூர்த் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதகராகப் பணியாற்றும் அவருக்கு, ஓட்டையின் காரணம் தெரியாமல் சோறு இறங்காது.

இலைமேல் தங்கத் துளிகளாக வண்டுகள். அடியில் முள்முள்ளாகப் புழுக்கள். ஒவ்வொரு புழுவும் தன் கழிவையும் உரித்த தோலையும் வால் நுனியில் சேர்த்து, முதுகுக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தது. தொட்டால் அந்தக் குடையையே முகத்துக்கு நேராக ஆட்டியது.

மனைவி மங்கம்மா புழுக்களை நசுக்க அனுமதித்தார். வண்டுகளைத் தொடவிடவில்லை.

“அது மகாலட்சுமிங்க. மருந்து கிருந்து அடிச்சீங்கன்னா பொறந்த வூட்டுக்குப் போயிருவன்.”

“மகாலட்சுமி எலைய இப்படியா தின்னுவா?”

“நீங்க மூணு வேளையும் களி தின்றத அவ கேட்டாளா?”

நாராயணப்பனுக்கு ஓர் ஐயம் இருந்தது. முதிர்ந்த புழுவொன்றைச் சோற்று டப்பாவில் இலையோடு அடைத்து, தொழிற்சாலை வழக்கப்படி தேதி எழுதி ஒட்டினார். புழு கூட்டுப்புழுவாகி, ஒரு வாரத்தில் மங்கலான வண்டாக வெளிவந்தது. அவர் நாள்தோறும் இலை போடப் போட, மெல்லப் பொன்னிறம் ஏறியது.

“பாத்துக்க மங்கா. பீ சொமந்ததுதான் இது.”

மங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாணியில லட்சுமி இருக்கான்னு சும்மாவா சொன்னாங்க. இனிமே புழுவையும் தொடாதீங்க.”

இருந்த பாதி அனுமதியும் பறிபோயிற்று. டப்பா பூஜை அலமாரிக்குச் சென்றது. வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்கத் திறந்தபோது, உள்ளே செத்துக் கிடந்தது புளியங்கொட்டை நிறத்தில் ஒரு பூச்சி.

“மாத்தி வெச்சிட்டீங்களா?”

“சாமி சத்தியமா இல்ல. உசுரு போனா மினுக்கும் போயிரும் போல.”

மங்கம்மா அதை முந்தானையால் தேய்த்துப் பார்த்தார். பழுப்பு பழுப்பாகவே இருந்தது.

“கவரிங்,” என்றார். “வாளியில சோப்புத் தண்ணி கலக்குங்க.”

அன்று காலை முழுவதும் மங்கம்மா கொடிகளைப் புரட்டி, வண்டையும் புழுவையும் வாளியில் உதறினார். விழுந்த வண்டுகளின் நிறம் மங்கும்வரை குனிந்து பார்த்து நின்ற பிறகே அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

“சீக்கிரம் மங்கா, எனக்கு ஷிப்ட் இருக்குது.”

“லீவு சொல்லுங்க. இன்னும் நாலு வரிசை இருக்குது.”

நாராயணப்பன் ஒரு கையில் வாளியோடு மறுகையால் கைப்பேசியை எடுத்தார்.