குளிரில் வைத்த ஜாடி

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். ஊரிலேயே நீளமான பேருந்தை நெரிசல் நேரத்தில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவள், தலை பாதி நரைத்தவள், ஆனாலும் சின்னவள். பெற்றோர் பிள்ளைகள் இருவருக்குமாக விட்டுப்போன வீட்டில் அண்ணனும் அண்ணியும் வாழ்ந்தார்கள், அவளும் இருந்தாள். எந்தச் சுவருக்கு எந்த வண்ணம், எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்பதையெல்லாம் அண்ணன் முடிவு செய்வார். சின்னவளை யாரும் கேட்பதில்லை. அவள் உப்புக்குச் சப்பாணி.

அந்தச் சப்பாணிதான் ஒருநாள் ஜெல்லி மீன் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, யாரையும் கேட்காமல் கூடத்தில் வைத்தாள். மூலையே இல்லாத வட்டத் தொட்டி. மூலை இருந்தால் இந்த ஜீவன்கள் அதில் போய்ச் சிக்கிக் கிழிந்துவிடும். நீந்துவதாகப் பெயர்தானே தவிர, தண்ணீர் போகிற பக்கம் போகத்தான் அவற்றுக்குத் தெரியும். அதனால் தண்ணீர் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரை அவளே கலந்தாள். சமையலறை ஜன்னலில் அடி வெட்டிய ஒரு பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, அதில் உப்புத் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரியாத இறால் முட்டைகளைப் பொரிக்க வைத்து, அந்தக் குஞ்சுகளை ஊட்டினாள்.

"சாப்பிடவும் முடியாது, கொஞ்சவும் முடியாது. எதுக்கு இது?" என்று கேட்டார் அண்ணி.

"பாக்கறதுக்கு அண்ணி."

"எதைப் பாக்கறது? அந்தப் பக்கச் சுவர்தான் தெரியுது."

அதோடு விட்டிருக்கலாம். சின்னவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், அவற்றைக் குட்டி போட வைக்கப்போவதாக அறிவித்தாள். அண்ணனுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. மீன்தொட்டிக் கடைக்காரரும், "வீட்டுல எல்லாம் அது ஆகாதும்மா" என்று கையை விரித்தார். ஆகாது என்று சொல்லிவிட்டால் போதாதா? ஒற்றைக் காலில் நின்றாள்.

ஜெல்லி மீன் நேராகக் குட்டி போட்டுவிடாது. அது உதிர்ப்பவை கண்ணாடியில் ஒட்டி, வெள்ளைப் புள்ளிகளாக, குட்டைத் தண்டுகளாக முளைக்கும். அந்தத் தண்டுகள் வில்லை வில்லையாகப் பிரிந்து மிதந்தால்தான் குட்டி. புள்ளி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு ஜாடி நிறையப் புள்ளிகள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் குளிர்ந்தால்தான் பிரியும் என்று அவள் படித்திருந்தாள். படித்தாள், நம்பவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் கதவு திறந்து பனிக்காற்று முகத்தில் அறைய, விரல் விறைத்துப்போய் வண்டி ஓட்டுகிறவள் அவள். குளிரில் எது பிறக்கும்? ஜாடிக்குக் கம்பளித் துணியைச் சுற்றி, ஹீட்டர் பக்கத்தில் வைத்து, வேளாவேளைக்கு ஊட்டினாள். செல்லம் கொடுத்த பிள்ளைகளைப் போல அவையும் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் புள்ளியாகவே இருந்தன.

"குளிர்காலம் முடியறதுக்குள்ள குட்டி வரணும். வரலைன்னா தொட்டி வெளிய, அங்க சோபா" என்று அண்ணன் கெடு வைத்தார்.

"வந்தா?"

"வந்தா தொட்டி அங்கயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அண்ணன், வராது என்கிற தைரியத்தில்.

ஆனால் சோபா கெடுவுக்கு முன்பே வந்துவிட்டது. சின்னவள் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் அது காலை நீட்டிப் படுத்திருந்தது. தொட்டி பால்கனியில் காலியாகக் கிடந்தது. பக்கத்து வாளியில் நான்கு ஜெல்லி மீன்களும் கந்தலாக மிதந்தன. புள்ளி ஜாடியும் கம்பளி இல்லாமல் அங்கேயே பனியில் நின்றது.

"வலையாலதான் எடுத்தேன். மெதுவாத்தான் எடுத்தேன்" என்றார் அண்ணன். பொய்யில்லை. மீனைத் தூக்குவதுபோலப் பதமாகத்தான் தூக்கியிருக்கிறார். ஜெல்லி மீனை வெளியே தூக்கவே கூடாது, தண்ணீரோடு கிண்ணத்தில் மொண்டுதான் மாற்ற வேண்டும். தூக்கினால் தன் கனத்தாலேயே அது கிழிந்துவிடும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கிற பழக்கம்தான் அவருக்கு இல்லையே.

அவள் வாளிக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. "அந்த ஜாடி தப்பிச்சிடுச்சு பாரு. உள்ள கொண்டா, ஹீட்டர்கிட்ட வச்சுக்கோ" என்றார்.

சின்னவள் ஜாடியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. கை அப்படியே நின்றது. படித்தது உண்மையாக இருந்தால் இதுவரை அவள் செய்ததெல்லாம் தப்பு. பொய்யாக இருந்தால் மிச்சமிருக்கிற புள்ளிகளும் விறைத்துச் சாகும். அதோடு எல்லாம் முடிந்தது. பயத்தை இவர்களிடம் காட்டிக்கொள்வாளா என்ன?

"வெளிய தள்ளினீங்க இல்ல? வெளியவே இருக்கட்டும்" என்றாள். "நானும் இங்கதான் இருப்பேன்."

சொன்னபடியே நாற்காலியைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு வேலை நேரம் போக, உறங்கும் நேரம் போக, அவள் குடித்தனம் அங்கேதான். இரண்டு ஸ்வெட்டர், பணிமனைத் தொப்பி, மடியில் தட்டு. எதிர் வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் கண்ணாடிக் கதவைத் திறந்து பல்லைக் கடித்தார்.

"மானம் போகுது. உள்ள வந்து உக்காரு."

"எங்க?"

"சோபாலதான்!"

"அது என் தொட்டியோட இடம்" என்றாள். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஜாடியில் புள்ளிகள் சுருங்கின. பிறகு பழுப்பேறின. "அழுகிடுச்சு. கொட்டித் தொலை" என்றார் அண்ணன். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் சொல்லிவிட்டாரே, இனி எப்படிக் கொட்டுவது? பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். தண்டுகளில் கோடு விழுந்திருந்தது. மறுநாள் கோடு ஆழமாகி, சாப்பாட்டுத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி ஆனது. குளிர் அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஒரு காலையில், சீருடையோடு கிளம்பும் நேரத்தில், மேல் தட்டு ஒன்று படபடவென்று துடித்தது. கழன்றது. எட்டு இதழ் விரித்த, நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பூ, தானாக மூடித் திறந்து ஜாடிக்குள் மேலே ஏறியது. பின்னாலேயே இன்னொன்று. சின்னவள் பணிமனைக்குப் போன் செய்து, "வீட்டுல குழந்தை பிறந்திருக்கு, இன்னைக்கு லீவு" என்று சொல்லிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

அண்ணன் பூதக்கண்ணாடியை நெடுநேரம் கீழே வைக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "அப்ப நான் வெளிய வச்சதுனாலதான்..."

"ஆமா, நீங்க வெளிய வச்சதுனாலதான் வந்துச்சு. அதுங்களோட அப்பா அம்மாவைக் கொன்னதும் நீங்கதான். நன்றி எல்லாம் சொல்ல மாட்டேன்" என்றாள் சின்னவள். "குளிர்காலம் இன்னும் முடியல. குட்டி வந்தாச்சு. தொட்டி கூடத்துக்கு வருது."

"சோபா புதுசும்மா. உன் ரூம் பெருசுதானே, அங்க வச்சுக்கோயேன்."

"இந்த வீட்டுல பாதி என்னோடது அண்ணா. அந்தப் பாதி என் ரூம்தான்னு யாரு பிரிச்சது? கூடத்துலயும் எனக்குப் பாதி இருக்கு."

அண்ணன் போய்ச் சோபாவின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். இப்போது என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். அண்ணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார்.

சின்னவள் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டாள். சோபாவின் முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றி, அண்ணனோடு சேர்த்துப் பால்கனிப் பக்கம் தள்ள ஆரம்பித்தாள். அது நகர்ந்தது.

"குனிஞ்சுக்கோங்க அண்ணா" என்றாள், மூச்சு வாங்க. "நிலை இடிக்கும்."