ஷானனைக் கண்டுபிடிக்கும் கேள்வி

நான்காம் வகுப்புக்குத் தரவுத்தளம் சொல்லிக்கொடுக்க ஆசிரியை ஹேசல் முதலில் வண்டுகளைத்தான் எடுத்துக்கொண்டாள். இறக்கை உண்டா, புள்ளி உண்டா என்று கணினி கேட்டுக்கொண்டே போய்ப் பெயரைச் சொல்லும். தப்பாகச் சொன்னால், சரியான பெயரையும், இரண்டையும் பிரித்துக்காட்டும் புதுக் கேள்வியையும் நாம் தட்டிக்கொடுக்க வேண்டும். அப்படியே தரவுத்தளம் கிளை கிளையாக வளரும்.

பிள்ளைகளுக்கு வண்டு சீக்கிரமே சலித்தது.

"மிஸ், எங்களையே போடலாம் மிஸ்!"

இங்கிலாந்தின் லங்காஷயரில் பிப்ரவரி மழையில் பள்ளி மைதானம் மூழ்கிக் கிடந்தது. ஹேசலுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

கண்ணாடி உண்டா? செம்பட்டை முடியா? வீட்டில் பூனை உண்டா? ஷானனின் முறை வந்தபோது தன்னையே நினைத்துக்கொண்டு பதில் சொன்னாள். கணினி "பெக்கி" என்றது.

"இல்ல, நான்தான்" என்றவள் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினாள்: 'அம்மாவோடு இருக்கிறாளா?' வகுப்புத் தோழி பெக்கிக்கு ஆமாம். தனக்கு இல்லை. ஷானன், நகராட்சி ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டிருந்த பெண்.

"வேற கேள்வி யோசிக்கலாமா கண்ணு?"

"ஏன் மிஸ்? ஆமா, இல்லன்னு ஒரே பதில்தான் வரணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஹேசல் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டாள்.

மதியத்துக்குள் வகுப்பே அந்தக் கிளையில் ஏறி இறங்கியது.

"டேய், 'இல்ல'ன்னு அமுக்கு, ஷானன் வருவா பாரு!" என்று லியம் கத்தினான். "உங்கம்மா எங்கடி?"

"லீட்ஸ்ல. உடம்பு சரியில்ல."

"ஜெயில்லன்னு எங்கம்மா சொன்னாங்களே!"

மறுநாள் பெக்கியின் அம்மா தலைமையாசிரியர் டெரிக்கிடம் வந்து, அந்தப் பெண்ணோடு என் மகளை எப்படிச் சேர்க்கலாம் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

"வண்டு போதாதா ஹேசல்?" என்றார் டெரிக். "அந்தக் கேள்விய எடுத்துடுங்க. மத்தது நல்லாத்தான் இருக்கு, பள்ளி இன்ஸ்பெக்டர் வரும்போது காட்டலாம்."

"கேள்விய எடுத்தா ஷானனும் போயிடுவா."

"ஒரு புள்ளதானே?"

ஹேசலின் வேலை ஈஸ்டர் வரைக்கும்தான் உறுதி. எடுத்துவிட்டாள்.

வந்த இன்ஸ்பெக்டர் ஷானன் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தார். "உன்னைக் கண்டுபிடிக்குதான்னு பாப்போமா?" அவள் ஒவ்வொன்றுக்கும் உண்மையாகவே பதில் சொன்னாள். திரையில் 'பெக்கி' என்று வந்தது.

"வணக்கம் பெக்கி!" என்று சிரித்தார்.

"நான் பெக்கி இல்ல சார்."

"அப்படியா? அப்ப ஒரு கேள்வி குடு, அது கத்துக்கட்டும்."

தட்டுவதற்காக ஷானன் கையைத் தூக்கினாள். ஹேசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கேள்வி எதுவும் தெரியாது சார்."

கணினிப் பாடத்தை அறிக்கை புகழ்ந்திருந்தது. டெரிக் ஆசிரியர் அறைக்குக் கேக் வாங்கி வந்தார்; ஹேசலுக்கு இன்னொரு வருடம் வேலை கிடைத்தது. அவளும் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

ஈஸ்டர் விடுமுறையில் ஷானனை வேறு ஊரில் வேறொரு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்முன் யாரும் பள்ளிக்குச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்த ஹேசல், தரவுத்தளத்தையும் திறந்தாள். அதில் அழிக்க எதுவும் இல்லை.