பனி ஏரிக்குக் கட்டிய பை

"பாதையே இல்லாத எடத்துல எங்கள எப்படி கூட்டிட்டுப் போவே?"

ஒருமுறை லோஷினியிடம் அப்படிக் கேட்டவன் அண்ணனின் கூட்டாளி சிறீகாந்தன். இப்போது அவன் வாசலில், பந்தலுக்கு வெளியே, காலணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். அவள் அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்த்தாள். வந்திருக்கக் கூடாது. சித்தப்பா காளிதாஸ் காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த சிலோன்காரப் பய இந்தப் பக்கம் தலயக் காட்டட்டும். கால ஒடச்சுக் கையில குடுத்து அனுப்புறேன்."

கூடத்தின் நடுவே பெட்டியில் அண்ணன் ஹேமநாதன் கிடந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அதன்மேல் யாரோ பட்டுத் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். கட்டு தெரியக் கூடாதாம். வெளியே உருமி அடிப்பவர்கள் அடித்த அடியில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அம்மா தனலெட்சுமி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தெனமும் சொல்வேனேடா, ஹெல்மெட்ட போடு, ஹெல்மெட்ட போடுன்னு. அன்னிக்கு மட்டும் ஏன்டா மறந்தே?"

எதிரே நாற்காலியில் அப்பா ஜெயபாலன். கொள்ளி வைக்க வேண்டியவர் என்பதால் குளிக்கவைத்து ஈர வேட்டியோடு உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு கைகளும் முழங்கால்மேல் கவிழ்ந்திருந்தன. லோஷினி அந்தக் கைகளைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

"லோஷி!" அத்தை கஸ்தூரி அடுப்படிக்குள் வந்தாள். "வாய்க்கரிசிக்கு அரிசி எங்கடி? டின்ன கவுத்தா ஒரு கரப்பான்தான் விழுது. அலமாக், சாவு வீட்டுல அரிசி இல்லாம இருக்குமாலா?"

"இருக்கு அத்த."

"எங்க?"

"அண்ணனோட பையில."

அத்தைக்குப் புரியவில்லை. புரியவைக்க லோஷினிக்குத் தெரியவில்லை. பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்க ஸ்டோருக்குப் போனாள்.

பை சுவரில் சாய்ந்து நின்றது. அவள் இடுப்புக்குமேல் உயரம். ஞாயிறுதோறும் ஹேமநாதன் இதற்குள் ஒரு மூட்டை அரிசியைத் திணித்து, முதுகில் மாட்டிக்கொண்டு, லாயாங் லாயாங் ஊரைத் தாண்டியுள்ள, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டு மேட்டில் ஏறி ஏறி இறங்குவான். பாதையில் நடக்க மாட்டான். வெட்டிப்போட்ட மட்டைகளின் மீதும் கால்வாய்க்குள்ளும்தான் நடப்பான். தாமான் குடியிருப்புப் பையன்கள் சிரிப்பார்கள்.

"என்னா ஹேமா, கட மொதலாளி தவுக்கே கிட்ட அரிசி டெலிவரி வேலயா?"

"ஆமாடா. பனிமலைக்கு டெலிவரி."

உண்மையைத்தான் சொன்னான். கிர்கிஸ்தானில் மரங்கள் முளைக்காத உயரத்தில் மூன்று ஏரிகள் இருந்தன. வரைபடத்தில் அவற்றுக்குப் பெயர் இல்லை. ஆடு மேய்ப்பவர்களின் பாதை ஓர் ஆற்று வளைவோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. கல், புல், பனி.

செனாய் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவனுக்குத் திட்டம் போட நேரமில்லை. பழைய மடிக்கணினியை லோஷினியிடம் கொடுத்தான். அவள் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதுகுச் சட்டை நனைந்துவிடும். குரல் வராது. ஆனால் வானத்திலிருந்து எடுத்த மலைப் படங்கள் அவளை எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. கோடுகள் நெருங்கினால் செங்குத்து. விலகினால் நடக்கலாம். ஆற்றை விடியற்காலையில் கடந்துவிட வேண்டும், மதியத்துக்குள் பனி உருகிப் பாறைகளை உருட்டிக்கொண்டு தண்ணீர் ஏறிவிடும். அதனால் முதல் கூடாரம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். மலையைத் தாண்ட இரண்டு கணவாய்கள் இருந்தன. கிட்டத்தில் இருந்ததை அவள் வேண்டாம் என்றாள். ஒவ்வொரு வருடப் படத்திலும் அந்தச் சரிவின் சாம்பல் கற்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்திருந்தன. சரிவு நகர்கிறது. தூரத்துக் கணவாய்தான் சரி.

சிறீகாந்தன் தன் ஊரான சிம்பாங் ரெங்கத்திலிருந்து வழியைப் பார்க்க வந்த அன்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பி, ஆற்றிலிருந்து மூன்றாவது ஏரிவரை விரலால் இழுத்துக் காட்டினாள். நகரும் சரிவு வந்ததும் விரல் விலகிச் சுற்றிப் போனது. அவன் கடைசிவரை பார்த்துவிட்டு அண்ணனிடம் சொன்னான்.

"இவ இல்லாம போனா நாம செத்துருவோம்டா. இவளையும் கூட்டிட்டுப் போவோம்."

அது விளையாட்டுப் பேச்சு. ஹேமநாதன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரமே அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கக் கூட்டிப்போனான்.

அதை அப்பா சனிக்கிழமை சாயங்காலம் பையின் மேலறையில் கண்டுபிடித்தார். அம்மா கிளினிக்கைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போயிருந்தாள்.

"பொட்டச்சிக்குப் பாஸ்போர்ட்டா? ரெண்டு தடிமாட்டோட மலையில போயி படுக்கப் போறியாடி?"

கைக்குக் கிடைத்தது நாற்காலிமேல் இருந்த ஹெல்மெட். வாரைப் பிடித்துச் சுழற்றி அவள் முகத்தைப் பார்த்து வீசினார். அண்ணன் குறுக்கே வந்தான். இரும்பு வாளி சிமெண்டில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். முன்கண்ணாடி பிளந்தது. அண்ணனின் புருவத்துக்குமேல் தோல் வாய்திறந்து, கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. அவன் திருப்பி அடிக்கவில்லை. கையை நீட்டினான்.

"ஹெல்மெட்ட குடுங்கப்பா. நான் போறேன்."

அப்பா அதை ஸ்டோருக்குள் எறிந்துவிட்டு வாசற்படியை மறித்து நின்றார்.

"போ. மண்டை ஒடஞ்சு சாவு."

வெறுந்தலையோடுதான் மோட்டார் சைக்கிளை எடுத்தான். இருட்டுவதற்குள் போலீஸ் வந்தது. சிம்பாங் ரெங்கம் போகும் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லோரி.

அப்பா அவர்களிடம் தெளிவாகச் சொன்னார்: கூட்டாளி சிறீகாந்தன் போன் போட்டு அவசரமாகக் கூப்பிட்டான், பையன் ஹெல்மெட்கூட எடுக்காமல் ஓடினான். அம்மாவிடமும் அதையே சொன்னார். பிறகு அடுப்படிக்கு வந்து லோஷினியின் காதோடு, "வாயத் தொறந்தே, அடுத்த பெட்டி ஒனக்குத்தான்" என்றார். அவள் வாயைத் திறக்காதவள் என்பது அவருக்குத் தெரியும்.

பையின் வாயைப் பிரித்து அரிசியைத் தட்டில் அள்ளினாள். பைக்குப் பின்னால், பழைய வாளிக்கும் சுவருக்கும் இடையில் ஹெல்மெட் கிடந்தது. உள்ளே அண்ணனின் தலையெண்ணெய் வாசம் இன்னும் இருந்தது.

உருமி பாதி அடியில் நின்றது.

"வந்துட்டியாடா? கூப்பிட்டுக் கொன்னுட்டு மூஞ்சி காட்ட வந்துட்டியா?" சித்தப்பாவின் குரல்.

"அங்கிள், நான் கூப்பிடல. சத்தியமா நான் போனே..."

அறை விழுந்தது. அடுத்து கும்மாங்குத்து. லோஷினி அடுப்படிக் கதவுக்கு வந்தபோது சித்தப்பா சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிச் சிறீகாந்தனின் தோளில் இறக்கினார். நாற்காலியின் கால் முறிந்து பந்தலுக்குள் பறந்தது. அவன் மண்டியிட்டான். இன்னொருவன் விலாவில் உதைத்தான். உதட்டிலிருந்து வழிந்த இரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவன் தடுக்கக் கையைத் தூக்கவே இல்லை.

"சுடாலா! போதும்!" என்றார் ஒரு கிழவர். யாரும் கேட்கவில்லை.

"நீ கூப்பிடாம அவன் ஏன்டா அப்புடி ஓடுனான்? சொல்லுடா! ஹெல்மெட் போடக்கூட நேரம் குடுக்காம என்னாடா அவசரம் ஒனக்கு?"

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும், தம்பி நிறுத்திவிடுவார். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

சித்தப்பா உடைந்த நாற்காலியை மறுபடி ஓங்கினார். இம்முறை தலையில் இறங்கும்.

அடுப்படியிலிருந்து பெட்டிவரை பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. லோஷினி ஒரு கையில் அரிசித் தட்டும் மறுகையில் ஹெல்மெட்டுமாக நேரே நடந்தாள். யாருடைய விரலையோ மிதித்தாள், யாரோ திட்டினார்கள். அம்மாவின் மடியில் ஹெல்மெட்டை வைத்தாள்.

"அன்னிக்கு மட்டும் ஏன்டா..." அம்மா நிறுத்தினாள். பிளந்த கண்ணாடியைத் தொட்டாள். "இது எங்கடி இருந்துச்சு?"

"ஸ்டோர்ல."

"மறந்து வச்சிட்டுப் போனானா?"

லோஷினியின் முதுகு நனைந்தது. வாசலில் நாற்காலி இன்னும் உயரத்தில் இருந்தது.

"அண்ணன் கேட்டாரும்மா." அவளுக்கே அந்நியமாக இருந்தது அந்தச் சத்தம். "அப்பா குடுக்கல. என்ன அடிக்க வந்தாரு, அண்ணன் குறுக்க வந்தாரு. யாரும் போன் பண்ணல. யாருமே பண்ணல."

அப்பா எழுந்ததை அவள் பார்க்கவில்லை. கன்னத்தில் இடி விழுந்தது. தட்டு பறந்தது. அவள் பெட்டியின் விளிம்பில் மோதிக் கீழே விழுந்தாள். அரிசி அண்ணனின் மார்பிலும் பட்டுத் துண்டிலும் கூடமெங்கும் சிதறியது.

"பொய்! படிப்பு ஏறாத கிறுக்கு, பேசத் தெரியாத மூதேவி, அதுக்குப் பேச்சு வந்துருச்சா..."

இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை மேலேயே இருந்தது. காதுக்குள் இரைச்சலோடு தரையில் கிடந்த லோஷினி பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. உருமிக்காரர்கள், தாமான் பையன்கள், அத்தை, எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் சித்தப்பா நாற்காலியை மெல்ல இறக்கினார்.

"அண்ணே," என்றார்.

அம்மா எழுந்தாள். மகனின் மார்பில் கிடந்த அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள். பிடி சேர்ந்ததும் அவன் வாயில் போட்டாள். வேறு யாரையும் போடக் கூப்பிடவில்லை.

வாசலில் சித்தப்பா தாள் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் குவளைத் தண்ணீர் ஒன்றை எடுத்து, மேல்தாளைப் பல்லால் கிழித்து, சிறீகாந்தன் முன்னால் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பினான். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

பெட்டியைத் தூக்கினார்கள். உருமி மறுபடி தொடங்கியது, முன்பிருந்த வேகம் இல்லை. பெட்டியை வேனுக்குள் தள்ளியதும், கொள்ளி வைப்பவர் உட்கார வேண்டிய பக்கவாட்டு இருக்கையை நோக்கி அப்பா நடந்தார். அவருக்கு முன்னால் அம்மா போய்க்கொண்டிருந்தாள். கையில் ஹெல்மெட்.

"அண்ணி! எங்க போறீங்க?" அத்தை கஸ்தூரி ஓடினாள். "பொம்பளைங்க வாசலோட நிக்கணும் அண்ணி. நம்ம வீட்டுல யாரும் சுடுகாட்டுக்குப் போனதில்ல."

அம்மா வேனுக்குள் ஏறினாள். பெட்டியை ஒட்டி உட்கார்ந்தாள். ஹெல்மெட்டை மடியில் வைத்து, பிளந்த பக்கத்தை முந்தானையால் மூடினாள். அப்பா கதவுப் பிடிக்குக் கை நீட்டினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், உள்ளேயிருந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

டிரைவர் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா தரையைப் பார்த்தபடி தலையசைத்தார்.

லோஷினி வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட் அருகே நின்றாள். வேன் செம்பனை வரிசையைத் தாண்டித் திரும்பும்வரை, நீட்டிய கையை அப்பா மடக்கவே இல்லை.